ஒரே இலக்கத்தில் இரண்டு கதவுகள்

அத்தியாயம் ஒன்பது

நான்கு மணிக்கு ஒரு பெண்ணைக் ஒரு சாவுக்குக் காரணமானவளாக்குவது என்று முடிவு செய்துவிட்டார்கள். இப்போது மணி ஒன்று இருபது.

பொன்னேரி பஜாருக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன வீட்டின் வாசலில், பெண் காவலர் ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கைது செய்ய இன்னும் ஆணை வரவில்லை; நான்கு மணிக்கு ஆலையில் தொழிற்சாலை ஆய்வாளர் விசாரணையை முடித்ததும் வரும். வந்தால் அழைத்துப் போக ஆள் தயாராக இருக்க வேண்டும் அல்லவா? சட்டம் மெதுவாக நடக்கும் என்பார்கள். ஏழை வீட்டு வாசலுக்கு மட்டும் அது முன்கூட்டியே வந்து நாற்காலி போட்டுக்கொள்கிறது என்று எண்ணியபடி, துப்பறிவாளர் ரோசம்மாள் படியேறினார்.

இருபத்திரண்டு ஆண்டுகள் தொலைபேசி நிலையத்தில் பழுது பார்த்தவர் ரோசம்மாள். பேசும் கம்பி எங்கே ஊமையாகிறது என்று தேடித் தேடிப் பழகிய மூளை, வேலையை விட்ட பிறகு மனிதர்கள் எங்கே ஊமையாகிறார்கள் என்று தேடத் தொடங்கியிருந்தது. அவர் பின்னால் ஆட்டோ சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தவன் அவருடைய உதவியாளன் சடையப்பன். வயது நாற்பத்தெட்டு. பெயரில் இருந்த சடை தலையில் இல்லை.

உள்ளே, மாவுக்கட்டுப் போட்ட வலது காலை முக்காலியில் நீட்டி, கணிப்பொறியின் முன் உட்கார்ந்திருந்தாள் ஷமீமா. மூன்று நாள் அழுத கண்கள்.

"அக்கா, பாருங்கக்கா. கனெக்டட்னு காட்டுது. பச்சையா எரியுது. ஆனா உள்ள ஒண்ணுமே தெரியல. சனிக்கிழமையும் இப்டித்தான் இருந்திச்சு. சத்தியமா நான் உள்ள போகவே இல்லக்கா!"

"வாசல்ல வரவேற்பு வளைவு கட்டிக்கீறாங்க, உள்ள மண்டபத்தையே காணோம்ன்ற மாதிரியா?" என்றான் சடையப்பன்.

"சடையா, வாயை மூடு. ஷமீமா, முதல்லேர்ந்து சொல்லும்மா. ஒண்ணையும் விடாத."

அவள் சொன்னாள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருக்கி வார்க்கும் ஆலை ஒன்றில் அவள் பதிவேட்டு எழுத்தர். எந்த இயந்திரத்தில் எந்தக் கோளாறு என்று தொழிலாளர்கள் தெரிவிப்பதை, அலுவலகச் சர்வரில் உள்ள பராமரிப்புப் பதிவேட்டில் எழுதுவது அவள் வேலை. இரண்டு மாதங்களுக்கு முன் ஆலையின் மாடிப்படியில் விழுந்து கால் முறிந்தது. அன்றிலிருந்து வி.பி.என். என்ற இணைப்பின் வழியாக வீட்டிலிருந்தே அலுவலக வலைக்குள் நுழைந்து எழுதி வந்தாள். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையே யாரும் எட்டிப் பார்க்க முடியாத சுரங்கப் பாதை ஒன்றைப் போடுவதுதான் அந்த வி.பி.என்.

போன வாரத்துக்கு முந்திய வியாழக்கிழமை, அன்புசெல்வன் என்ற தொழிலாளி அவளுக்குத் தொலைபேசியில் சொன்னான்: கிரேனின் கம்பிக்கயிறு இழை இழையாக அறுகிறது. அவள் உடனே பதிவேட்டில் எழுதினாள்: கிரேனை நிறுத்த வேண்டும். ஆறாம் நாள், புதன்கிழமை, அந்தக் கயிறு அறுந்தது. கீழே நின்றிருந்தவன் அன்புசெல்வன்.

"இப்ப ஆபீஸ்ல ரிஜிஸ்டரைத் தொறந்து பாத்தா, நான் எழுதினது இல்லியாம்க்கா. அந்த எடத்துல 'புகார் ஏதுமில்லை'ன்னு கீதாம். சனிக்கிழமை மூணு பன்னெண்டுக்கு மாத்திக்கீறாங்க. என் பேர்ல, என் பாஸ்வேர்டுல! அந்த நேரத்துல நான் கனெக்ட் ஆகி இருந்தேன்னு சர்வர் சொல்லுது. சனிக்கிழமை ஆயுதபூசை. ஆபீஸ்ல ஒரு ஈ காக்கா இல்ல. அன்புசெல்வன் அண்ணன் சொன்னதை நான் எழுத மறந்துட்டேனாம். செத்ததும் பயந்துகினு, திருட்டுத்தனமா உள்ள போயி 'புகார் இல்ல'ன்னு எழுதிட்டேனாம்."

அவள் குரல் உடைந்தது.

"அவரு பொண்டாட்டி செல்வியக்கா காலையில போன் பண்ணாங்க. 'என் புள்ளைங்க மூஞ்சிய வந்து பாத்துட்டுப் போ'ன்னு சொல்லி வச்சிட்டாங்க. போலீசு கூட்டிக்கினு போனாக்கூடத் தாங்கிப்பேன். அதைத் தாங்க முடியலக்கா. நான் படியில உழுந்தப்ப என்னைத் தூக்கிக்கினு ஓடினதே அன்புசெல்வன் அண்ணன்தான்."

ரோசம்மாள் அந்தக் கணிப்பொறித் திரையை உற்றுப் பார்த்தார். மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், இணைப்பைக் குறிக்கும் இரண்டு சின்னத் திரைப் படங்கள் பச்சையாக ஒளிர்ந்து கொண்டிருந்தன. இணைப்பு இருக்கிறது. பொய் இல்லை.

"சனிக்கிழமை இன்னா பண்ணியோ, அதை அப்படியே பண்ணிக் காட்டு."

ஷமீமா சர்வரின் எண்ணைத் தட்டினாள். நூற்றுத் தொண்ணூற்றிரண்டில் தொடங்கி ஒன்றில் முடியும் எண். பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு ஒரு சின்னச் சாளரம் எழுந்தது. கொடுத்தாள். மீண்டும் கேட்டது. கொடுத்தாள். மீண்டும் கேட்டது.

"இப்டியேதான்க்கா. முப்பது வாட்டி போட்டிருப்பேன்."

"கலெக்டர் ஆபீசு கவுண்டர் மாதிரி. மனுவை வாங்கிக்கினே இருக்கும், பதிலு சொல்லாது" என்றான் சடையப்பன்.

ரோசம்மாள் சிரிக்கவில்லை. கம்பத்தில் ஏறிப் பழுது பார்த்த காலத்தில் அவர் கற்ற பாடம் ஒன்று உண்டு: கம்பி பேசுகிறதா என்று சோதிக்க வேண்டுமானால், அதை முதலில் வெட்டிப் பார்.

"ஷமீமா, வி.பி.என்.னைக் கட் பண்ணும்மா."

"கட் பண்ணா ஆபீசே வராதேக்கா?"

"கட் பண்ணு."

இரண்டு சின்னப் பச்சைப் படங்களும் மறைந்தன. அலுவலகத்துக்குப் போகும் பாதை அடைபட்டது.

"இப்ப அதே நம்பரைப் போடு."

அவள் போட்டாள். அதே சின்னச் சாளரம், அதே கேள்வியோடு எழுந்து நின்றது.

ரோசம்மாள் எழுந்து, மேசையடியில் கண்சிமிட்டிக் கொண்டிருந்த புது மோடத்தின் மின்கம்பியைப் பிடுங்கினார். மீண்டும் அந்த எண்ணைத் தட்டச் சொன்னார். இப்போது எதுவும் வரவில்லை.

"ஆபீசுக்குப் போற ரோட்டை மூடியாச்சு. அப்பவும் ஆபீசு கதவு தொறக்குதுன்னா, அது ஆபீசு கதவு இல்ல" என்றார் ரோசம்மாள். "நீ முப்பது வாட்டி தட்டினது உன் காலடியில இருக்கற இந்த மோடத்தோட கதவு. ஆபீசு சர்வருக்கும் ஒண்ணாம் நம்பரு. இந்த மோடத்துக்கும் ஒண்ணாம் நம்பரு. தபால்காரன் இந்தத் தெருவுலயே ஒண்ணாம் நம்பரு ஊட்டைப் பாத்துட்டா, அதே நம்பரைத் தேடிக் கும்மிடிப்பூண்டி வரைக்கும் சைக்கிள் மிதிப்பானா? இங்கயே போட்டுட்டுப் போய்டுவான். சுரங்கம் தொறந்துதான் இருந்திச்சு. நீ எழுதின ஒரு எழுத்துகூட அதுக்குள்ள போகல."

"ஆனா ரெண்டு மாசமா நல்லாத்தான வேலை செஞ்சுது?"

"இந்த மோடம் எப்ப வந்திச்சு?"

"வெள்ளிக்கிழமை. பழசு சின்னது, அதுக்குன்னு தனி நம்பரெல்லாம் கெடையாது. வியாழக்கிழமை இடியில பூட்ச்சு. எங்கண்ணன் முஜீப்தான் டெலிபோன் ஆபீசுல போயி புதுசு வாங்கிக்கினு வந்தாரு. ரசீது கீது."

"எடு அதை."

ரசீதை மடித்துக் கைப்பையில் வைத்தபோது, ரோசம்மாளுக்கு வேறொரு கேள்வி எழுந்தது.

"ஆயுதபூசை லீவு நாள்ல நீ ஏம்மா கனெக்ட் பண்ண?"

"துளசிராமன் சார்தான் போன் பண்ணாரு. மெயின்டெனன்சுக்கு அவர்தான் ஹெட்டு, இந்த சர்வரு, வி.பி.என். எல்லாம் போட்டதும் அவர்தான். 'கனெக்ட் பண்ணி வை, நான் சொல்றவரைக்கும் கட் பண்ணாத'ன்னாரு. உள்ள ஒண்ணும் தெரியல சார்னேன். 'பச்சையா எரியுதா? அது போதும்'னாரு."

அது போதும்! ரோசம்மாள் அந்த இரண்டு சொற்களை மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். தொலைபேசியோடு இணைந்திருந்த, அழைப்பவர் எண்ணைக் காட்டும் சின்னப் பெட்டியை எடுத்து, பொத்தானை அழுத்தி அழைப்புகளைப் பின்னோக்கித் தள்ளினார். சனிக்கிழமை, இரண்டு நாற்பத்தேழு. உள்ளங்கையில் ஓர் எண்ணை எழுதிக்கொண்டார்.

"சடையா, வண்டியை எடு."

ஷமீமா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நாலு மணிக்குள்ள வந்துடுவீங்களா?"

"நான் வரலன்னா, போன் வரும்" என்றார் ரோசம்மாள்.

* * *

விதி என்று ஒன்றை ரோசம்மாள் நம்புவதில்லை. ஆனால் ரயில்வே கேட் என்று ஒன்று இருக்கிறது. அது இரண்டரை மணிக்கு அவர்கள் மூக்குக்கு நேரே இறங்கியது. சரக்கு ரயில் ஒன்று, உலகத்து நிலக்கரி முழுவதையும் அன்றைக்கே சுமந்து தீர்ப்பது போல ஊர்ந்தது. பதினைந்து நிமிடங்கள் கரைந்தன.

"அம்பத்தாறு பொட்டி எண்ணிட்டேங்கா" என்றான் சடையப்பன். "கார்டு எறங்கி ரயிலுக்கு முன்னாடி நடந்து போய்க்கினே நம்மளப் பாத்து டாட்டா காட்றாரு."

"ஒண்ணு புரியல சடையா. அந்தத் துளசிராமனுக்கு ரிஜிஸ்டரை மாத்தணும். புதன்கிழமை சாவு. வியாழன், வெள்ளி ரெண்டு நாள் அவரு ஆபீசுலயேதான் இருந்தாரு. எதுக்குச் சனிக்கிழமை வரைக்கும் காத்துகினு இருக்கணும்?"

"பொரி, சுண்டலுக்கா இருக்கும்."

ரோசம்மாள் அவனைத் திரும்பிப் பார்த்தார். கேட் உயர்ந்தது. அந்தக் கேள்வி மட்டும் இறங்காமல் அவர் நெஞ்சில் நின்றது.

சிப்காட்டுக்குள் நுழையும்போது மணி மூன்று பத்து. ஆலை வாசலில், பூசைக்குக் கட்டிய வாழைக்கன்றுகள் வாடித் தொங்கின. குங்குமம் தடவி உடைத்த பூசணிக்காய் சாலையில் அழுகிக் கிடந்தது. அதன் பக்கத்தில், இரண்டு குழந்தைகளை மடியிலும் தோளிலும் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் செல்வி, அன்புசெல்வனின் மனைவி.

"அந்தப் பொண்ணுக்காகத்தான வந்துகிற?" என்றாள் அவள், தலை நிமிராமல். "போ. போயி காப்பாத்து. என் ஊட்டுக்காரர் போன் பண்ணிச் சொன்னாராம், அவ மறந்துட்டாளாம். மறக்கிற விசயமாம்மா அது?"

ரோசம்மாளின் கைப்பையில் ஒரு ரசீது இருந்தது. உள்ளங்கையில் ஓர் எண் இருந்தது. ஒரு விதவையின் முன் அவற்றை நீட்ட முடியுமா? குனிந்த தலையோடு உள்ளே போனார்.

கணிப்பொறிக் கூடத்தில் பன்னிரண்டு கணிப்பொறிகள், பன்னிரண்டுக்கும் சந்தனப் பொட்டு. சர்வருக்கு மாலை. தொலைபேசிக்குக் குங்குமம். ஸ்டேப்ளருக்குக்கூட. இரும்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் இத்தனை அன்பாகச் சந்தனம் பூசிய இந்தக் கூட்டத்தில், தலைக்கு மேல் ஆடும் கயிற்றைத் தொட்டுப் பார்க்க ஒரு கை இல்லாமல் போயிற்றே என்று ரோசம்மாளின் உள்ளம் கொதித்தது.

தொழிற்சாலை ஆய்வாளர் முன்னதாகவே வந்து, மேசையின் நடுவில் அமர்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் துளசிராமன், சலவை மடிப்புக் கலையாத சட்டை. சுவரோரம் கணக்குப் பிரிவின் காயத்ரி, யார் முகத்தையும் பார்க்காமல் நின்றிருந்தாள்.

ரோசம்மாள் தான் கண்டதைச் சொன்னார். ஒரே இலக்கத்தில் இரண்டு கதவுகள் இருந்ததையும், சுரங்கம் திறந்திருந்தும் ஒரு சொல்லும் போகாததையும், ரசீதின் தேதியையும் எடுத்து வைத்தார். ஆய்வாளரின் பேனா ஓடியது. துளசிராமன் சிரித்தார்.

"நல்லா இருக்கும்மா கதை. புது மோடம் வாங்கினதுக்கு ரசீது இருக்கு. சனிக்கிழமை அதைத்தான் மாட்டியிருந்தாங்கன்னு என்ன அத்தாட்சி? பழசு கெட்டுப்போச்சுன்னு அவங்க சொல்றாங்க, அவ்வளவுதான். சார், நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. பதிவேட்டை மாத்தினது அவங்க பாஸ்வேர்டு. அது அவங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது!"

ஆய்வாளரின் பேனா நின்றது.

"இன்னொண்ணு" என்று குரலைத் தாழ்த்தினார் துளசிராமன். "சனிக்கிழமை பன்னெண்டு மணிக்குக் கற்பூரம் காட்டினதும் எல்லாரும் கிளம்பிட்டோம். பூசைக்கு வெச்ச மிஷினை எங்க ஆளுங்க யாரும் அன்னிக்குத் தொட மாட்டாங்க. தொடறவங்க... அவங்கதான். அவங்களுக்கு அதெல்லாம் கிடையாதே."

ஊசி போல் இறங்கியது அந்தச் சொல். ஒரு பெண்ணின் மீது பழி போடச் சான்று போதவில்லை என்றதும், அவள் தொழும் திசையையே சான்றாக எடுத்து வைக்கிறான் மனிதன்! சுவர்க் கடிகாரம் மூன்று முப்பத்தைந்து காட்டியது. ரோசம்மாள் கட்டி வந்த வாதம் கண்ணெதிரே சரிந்துகொண்டிருந்தது. கடவுச்சொல். அது இன்னொருவர் கைக்கு எப்படிப் போயிருக்கும்?

"யக்கா" என்று காதோரம் முணுமுணுத்தான் சடையப்பன். "அந்த மேசையில சுண்டல் இன்னும் கீது. பூசைச் சாமான் எதையும் எடுத்து வைக்கல போல."

ரோசம்மாள் மேசையைப் பார்த்தார். சந்தனம் பூசிய பேரேடுகளின் அடுக்கு. கேட்டில் நின்றபோது நெஞ்சில் தங்கிய கேள்வி சட்டென்று எழுந்து நின்றது. எதற்குச் சனிக்கிழமை?

"காயத்ரிம்மா" என்றார். "இங்க யாராவது பாஸ்வேர்டை மறந்துட்டா இன்னா பண்ணுவீங்க?"

காயத்ரி திடுக்கிட்டாள். "நோட்டு இருக்கு மேடம். எல்லாரோட பாஸ்வேர்டும் அதுல எழுதி, என் இரும்பு பீரோவுல பூட்டி வெச்சிருப்போம். சாவி என் இடுப்புலதான். யாருக்கும் தர மாட்டேன். சாருக்கும்கூட."

"வருசம் முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளுமா?"

காயத்ரியின் கை இடுப்புச் சாவிக்குப் போனது. நின்றது. அவள் முகம் வெளிறியது.

"ஒரு நாள் மட்டும்..." என்றாள். "ஆயுதபூசைக்கு. கணக்கு நோட்டெல்லாம் பூசையில வெக்கறோம் இல்ல? அதையும் வெச்சேன். வருசா வருசம் வெப்பேன். பூசையில வெச்ச புஸ்தகத்தை அன்னிக்கு யாரும் தொறக்க மாட்டாங்களே மேடம்!"

"அப்பாடி!" என்றான் சடையப்பன். "வருசம் பூரா பூட்டு. ஒரு நாள் மட்டும் சாவியோட சேத்து வாசல்லயே கோலம்!"

"அந்த நோட்டைக் கொண்டு வாங்க" என்றார் ரோசம்மாள்.

பீரோ திறந்தது. நோட்டு மேசைக்கு வந்தது. அதன் மூடிய விளிம்பில், தாள்களின் ஓரத்தை ஒன்றாகச் சேர்த்து, மூன்று சந்தனத் தீற்றல்கள்.

"இப்படி ஓரத்துல பூசினது யாரு?"

"நான்தான். எங்க ஊட்ல அப்படித்தான் பூசுவோம். மறுநாள் காலையில தொறக்கறப்போ காஞ்சு போயி பொடிப்பொடியா உதிரும். நேத்து விஜயதசமிக்கு நானே வந்து முதல் பக்கத்தை மட்டும் தொறந்து மூடினேன்."

ரோசம்மாள் நோட்டைப் புரட்டினார். முதல் பக்கத்தின் ஓரத்தில் மஞ்சள் பொடி. அடுத்த பக்கங்கள் சுத்தம். பதினோராம் பக்கத்தில் கை நின்றது. மேலே ஷமீமாவின் பெயர். அதன் கீழே கடவுச்சொல். அதன் ஓரத்தில், அகலமான ஒரு கட்டைவிரல் அளவுக்கு, சந்தனம் தாளோடு அப்பி, இழுபட்டு, காய்ந்திருந்தது.

"காஞ்ச சந்தனம் உதிரும். ஈரச் சந்தனம்தான் அப்பும்" என்றார் ரோசம்மாள், ஆய்வாளரின் முன் நோட்டை வைத்து. "சனிக்கிழமை, ஈரம் காயறதுக்கு முன்னாடி, இந்த நோட்டைத் தொறந்து, நேரா இந்தப் பக்கத்துக்குப் போன கை ஒண்ணு இங்க இருந்திருக்கு. எதுக்குச் சனிக்கிழமைன்னு கேட்டுக்கினே வந்தேன். வருசத்துல அந்த ஒரு நாள்தான் இந்த நோட்டு வெளிய வரும். பொன்னேரியில கால் ஒடிஞ்சு கெடந்த பொண்ணோட கை இவ்வளவு தூரம் நீளுமா சார்?"

துளசிராமனின் நெற்றியில் முதல் துளி அரும்பியது. ஆனால் குரல் அசையவில்லை.

"யாரோ தொறந்திருக்கலாம். வாட்ச்மேன் இருக்கான், கூட்டறவங்க இருக்காங்க. நான் கற்பூரம் காட்டினதும் கிளம்பி, பெரியபாளையத்துல கோயில் கூட்டத்துல அரை மணி மாட்டி, ரெண்டு மணிக்குத் திருவள்ளூர்ல என் வீட்ல சாப்பிட்டேன்."

"ஷமீமாவுக்கு போன் பண்ணீங்களே?"

"பண்ணேன். ரெண்டே முக்கால் இருக்கும். வீட்லேர்ந்துதான் பண்ணேன். ஒரு ரிப்போர்ட் வேணும்னு கேட்டேன். அது குற்றமா?"

"இல்ல" என்றார் ரோசம்மாள். உள்ளங்கையைச் சடையப்பனிடம் விரித்துக் காட்டினார். "இந்த நம்பரைக் கூப்பிடு."

சடையப்பன் தன் கைபேசியைப் பார்த்தான். "இந்த இரும்புக் கொட்டாயில டவரே எடுக்கலக்கா. வெளிய போறேன்."

அவன் போனான். துளசிராமன் கைக்குட்டையை எடுத்தார். ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நாற்பத்தொன்பது.

மணி அடித்தது.

மேசை மேல், துளசிராமனின் முழங்கைக்கு ஒரு சாண் தொலைவில், குங்குமப் பொட்டு வைத்த தொலைபேசி அடித்தது. ஒருமுறை. இருமுறை. மூன்றாம் முறை. அதை எடுக்க யாரும் கை நீட்டவில்லை. ரோசம்மாள்தான் எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினார்.

"அலோ, திருவள்ளூரா?" என்றது சடையப்பனின் குரல். "சார் சாப்ட்டு முடிச்சிட்டாரா?"

யாரும் சிரிக்கவில்லை. துளசிராமன் நாற்காலியில் சரிந்தார். மடிப்புக் கலையாத சட்டை ஒரே நொடியில் வேறொருவருடையது போல் தொங்கிற்று.

"லாரி காத்துக்கிட்டு இருந்தது சார்" என்றார், யாரையும் பார்க்காமல். "புதுக் கயிறு வர ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் ஓடும்னு நெனச்சேன். ஓடிடும்னுதான்..."

ஆய்வாளர் மூடியைப் பேனாவில் செருகவில்லை. "உங்களுக்கு முன்னாடியே தெரியும்ங்கிறதுக்கு எழுத்துல அத்தாட்சி வேணும். அந்தப் பொண்ணு முதல்ல எழுதினது இனி எங்க இருக்கு? அதைத்தான் அழிச்சிட்டீங்களே."

அப்போது காயத்ரி சுவரை விட்டு முன்னால் வந்தாள். மூன்று நாளாகக் குனிந்திருந்த தலை நிமிர்ந்தது.

"சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை சர்வரை ஒரு சி.டி.யில காப்பி எடுத்து வெப்பேன் சார். கடைசியா எடுத்தது பதிமூணாம் தேதி. அன்புசெல்வன் சாகறதுக்கு நாலு நாள் முன்னாடி. அதையும் பூசையில வெச்சேன். மேல சந்தனம் பூசிட்டேன், வீணாப் போயிருக்கும்னு நெனச்சு..."

"பூசினது எந்தப் பக்கம்?" என்றார் ரோசம்மாள்.

"பேரு எழுதற பக்கம்."

புடவைத் தலைப்பால் துடைத்து, அவள் அந்தத் தட்டைக் கணிப்பொறிக்குள் தள்ளினாள். அது சுழன்றது, முனகியது, நின்றது. மீண்டும் சுழன்றது. பதிவேடு திறந்தது.

கிரேன் கம்பிக்கயிற்றில் ஒன்பது இழைகள் அறுந்துள்ளன. தெரிவித்தவர் அன்புசெல்வன். கிரேனை உடனே நிறுத்த வேண்டுகிறேன். ஷமீமா. அதற்குக் கீழே ஒரே ஒரு சொல்: பார்த்தேன். துளசிராமன்.

ஆய்வாளர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு எழுந்து, சர்வரின் மாலையைத் தன் கையாலேயே கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, முத்திரை வைக்க அரக்கு கொண்டுவரச் சொன்னார்.

* * *

வாசலுக்கு வந்தபோது மணி நான்கு ஆக மூன்று நிமிடம். ரோசம்மாள் சடையப்பனின் கைபேசியை வாங்கி, பொன்னேரிக்குப் பேசினார். செல்வியின் காதிலும் விழும்படி, மூன்றே வாக்கியம். மறுமுனையில் அழுகை மட்டும் கேட்டது. பிறகு அந்தக் கைபேசியைச் செல்வியிடம் நீட்டினார்.

"யாரு?"

"ஷமீமா."

செல்வி அதை வெறித்துப் பார்த்தாள். வாங்குவாளா, வீசி எறிவாளா என்று சொல்ல முடியாத ஒரு கணம். வாயைத் திறந்து ஏதாவது சொல்லிவிடுவதே வழக்கமான சடையப்பன், அப்போது வாழைக்கன்றைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் வாங்கிக்கொண்டாள்.

"எழுதினியாமே?"

"எழுதினேன்க்கா. நிறுத்தணும்னு எழுதினேன்."

கம்பி ஏற்றிய லாரி ஒன்று அவர்களைக் கடந்து போயிற்று. அதன் இரைச்சலில் செல்வி கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அந்த வியாழக்கிழமை ஊட்டுக்கு வந்து சொன்னாரு. 'சொல்லிட்டேன் செல்வி, எழுதிக்கினாங்க'ன்னாரு. நிம்மதியா சாப்ட்டாரு. யாரு எழுதிக்கினாங்கன்னு நான் கேக்கல." தோளில் தூங்கிய குழந்தையை அவள் இறக்கி மடியில் போட்டுக்கொண்டாள். "நீதானா அது?"

"நாந்தான்க்கா."

முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள் செல்வி.

"கால் எப்டிக்கீது உனக்கு?" என்றாள்.